கண்டிப் பிரதேச முஸ்லிம்களின் பெருநாட்கள்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுத முற்படுவோர் அதன் தலைவர்களையும் வணிகத்தையும் அரசியலையும் விரிவாக ஆராய்வர். அதன் பெருநாட்களையோ சமய நூலாருக்கு விட்டுவிடுவர். பெருநாள் ஆண்டுதோறும் ஒரே வகையாக வந்து போவது, ஆதலின் வரலாற்றுக்கு அப்பாற்பட்டது என்ற எண்ணமே இதற்குக் காரணமாகலாம். கண்டிப் பிரதேச முஸ்லிம்களைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பொருந்துவதன்று. தொழுகை, நோன்பு, ஈகை, பலி என்னும் கடமைகள் பதினான்கு நூற்றாண்டுகளாக மாறாதிருப்பினும், அவற்றைச் சூழ்ந்து வீட்டிலும் பள்ளிவாசலிலும் தெருவிலும் எழுந்த வழக்கங்கள் காலத்தாலும் அயலாலும் உருப்பெற்றவையாகும். இவற்றுள் அயலின் பங்கு யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டி நகருக்குக் கிழக்கே, மகாவலி கங்கையை அடுத்து அமைந்துள்ளது குண்டசாலை. வீரபராக்கிரம நரேந்திரசிங்கன் (1707–1739) இங்கு அரண்மனை அமைத்து வாழ்ந்தமையால் 'குண்டசாலை அரசன்' என்றே மக்களால் வழங்கப்பட்டான். கண்டியிலிருந்து குண்டசாலை, திகன, தெல்தெனிய ஆகியவற்றைக் கடந்து மகியங்கனைக்கும், அப்பால் கிழக்கு மாகாணத்துக்கும் செல்லும் நெடுஞ்சாலை இப்பகுதியினூடாகவே செல்கின்றது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் முஸ்லிம்கள் தனி ஊர்களாகச் செறிந்து வாழ்வதைப் போலன்றி, இங்கு அவர்கள் பெரும்பாலும் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிறு சிறு குடியிருப்புக்களாகவும் கடைத்தெருக்களாகவும் பரந்து வாழ்கின்றனர். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி கண்டி மாவட்ட மக்களுள் இஸ்லாமியர் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கினர் ஆவர். ஒரு வீட்டில் பெருநாள் என்றால் அடுத்த வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் அது சாதாரண நாள். இந்நிலையே இப்பிரதேசப் பெருநாட்களின் தன்மையைப் பெரிதும் நிர்ணயித்துள்ளது எனலாம்.

பெருநாட்களும் பிறையும்

இஸ்லாம் விதித்த பெருநாட்கள் இரண்டே. நபிகள் நாயகம் மக்காவிலிருந்து மதீனாவுக்குக் குடிபெயர்ந்தபொழுது (கி.பி. 622) அந்நகர மக்கள் விளையாட்டிலும் களியாட்டத்திலும் கழித்துவந்த இரு நாட்களுக்குப் பதிலாக, நோன்புப் பெருநாளையும் (ஈதுல் பித்ர்) ஹஜ்ஜுப் பெருநாளையும் (ஈதுல் அழ்ஹா) அவர்கள் ஏற்படுத்தினர் என்பது ஹதீஸ்களால் அறியப்படும். ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டில் றமழான் நோன்பு கடமையாக்கப்பட்டது. அம்மாத முடிவில், ஷவ்வால் முதற்பிறையில் வருவது நோன்புப் பெருநாள். துல்ஹஜ் மாதத்தின் பத்தாம் நாளில், இறைவனின் ஆணைக்கிணங்கித் தம் மகனையே பலியிடத் துணிந்த இப்றாஹீம் நபியின் தியாகத்தை நினைவுகூர்வது ஹஜ்ஜுப் பெருநாள். இவ்விரண்டையும் தவிர்ந்த மீலாதுன் நபி, மிஃராஜ், பராஅத் இரவு, ஆஷூரா, கந்தூரி முதலியன சிறப்பு நாட்களேயன்றிப் 'பெருநாள்' என்னும் பெயருக்கு உரியனவல்ல. எனினும், மக்கள் வாழ்க்கையில் இவை பெற்றிருந்த இடம் சிறிதன்று.

இந்நாட்கள் யாவும் சந்திர ஆண்டைப் பற்றி நிற்பவை. சந்திர ஆண்டு 354 அல்லது 355 நாட்களைக் கொண்டது. சூரிய ஆண்டோடு அதனை இசைவிப்பதற்காக மாதமொன்றை இடைச்செருகும் பழைய அரபு வழக்கம் தடைசெய்யப்பட்டமையால், பெருநாட்கள் ஆண்டுதோறும் பத்து, பதினொரு நாட்கள் முன்னோக்கி நகர்ந்து, ஏறத்தாழ முப்பத்திரண்டு அல்லது முப்பத்துமூன்று ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவருகின்றன. ஒரே மனிதன் மாரிக்குளிரிலும் நோன்பு நோற்கிறான். கோடை வெயிலிலும் நோற்கிறான்.

மலைநாட்டுச் சிங்கள மக்களின் சமய வாழ்வும் சந்திரனையே சார்ந்தது. பூரணை நாளே அவர்தம் போயா. ஆனால் பௌத்தர் 'அதி' மாதம் சேர்த்துத் தம் ஆண்டைப் பருவங்களோடு இணைத்துக்கொள்வர். ஆகவே வெசாக்கும் எசல பெரஹராவும் அவ்வவற்றின் பருவத்தை விட்டு விலகுவதில்லை. ஒரே சந்திரனைக் கொண்டு ஒரு சமூகம் பிறையை எதிர்நோக்க, மற்றது பூரணையை எதிர்நோக்குகின்றது. இதன் விளைவாகச் சில பொருத்தங்கள் தவிர்க்க முடியாதனவாகின்றன. ஷஃபான் மாதப் பதினைந்தாம் இரவாகிய பராஅத் எப்பொழுதும் ஒரு போயா தினத்தை அடுத்தே வரும். முஸ்லிம் வீடுகளில் யாஸீன் ஓதி ரொட்டி சுட்டுப் பங்கிடும் அவ்விரவில் அயல் விகாரையில் சில் அனுட்டித்தோர் வீடு திரும்பியிருப்பர், அல்லது மறுநாள் அதற்காயத்தமாவர். ஹஜ்ஜுப் பெருநாளின் உழ்ஹிய்யா கொடுத்தற்குரிய இறுதி நாளாகிய பதின்மூன்றாம் பிறையும் சில ஆண்டுகளில் போயாவை அண்டி வந்துவிடும். உயிர்க்கொலை விலக்கப்பட்ட நாளும், பலி கொடுக்கப்படும் நாளும் அருகருகே வருமிடத்து ஒருவர் மனத்தை மற்றவர் அறிந்து நடக்கவேண்டியதாகின்றது. மலைநாட்டு முஸ்லிம்கள் பலி கொடுப்பதை மறைவான இடங்களிலும், இறைச்சிப் பங்கீட்டை ஆரவாரமின்றியும் செய்துவந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கண்டி மன்னர் காலம்

இலங்கையின் உட்பகுதியில் முஸ்லிம்களின் நடமாட்டம் பழமையானது. 1344இல் பாவாதமலையைத் தரிசிக்க வந்த இப்னு பதூதா, இந்நாட்டு மக்கள் முஸ்லிம் யாத்திரிகரை மதித்து நடத்தியமையைப் பதிவுசெய்துள்ளார். ஆயினும், கண்டி இராச்சியத்தில் முஸ்லிம் குடியேற்றம் பெருகியது போர்த்துக்கேயர் காலத்திலேயாகும். 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபொழுது செனரத் மன்னன் அவர்களுக்குப் புகலிடம் அளித்து, ஏறத்தாழ நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். அக்குறணை முதலிய ஊர்களில் வழங்கும் ஐதீகங்கள் முஸ்லிம் முன்னோரை 1638ஆம் ஆண்டின் கன்னொருவைப் போரோடும் இரண்டாம் இராசசிங்கனோடும் தொடர்புபடுத்துகின்றன. ஐதீகங்கள் யாவற்றையும் வரலாறாகக் கொள்ளுதல் இயலாது. எனினும், அரசனோடு கொண்ட உறவையே இம்மக்கள் தம் தோற்றக் கதையாகப் போற்றினர் என்பது அவற்றால் புலனாகும்.

அரசாங்க ஒழுங்கமைப்பில் முஸ்லிம்களுக்குரிய இடம் 'மடிகே பத்த' எனப்பட்ட போக்குவரத்துப் பிரிவாகும். பொதிமாடுகளின் தொகுதியாகிய தவளங்களைக் கொண்டு கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் மலைநாட்டுக்குக் கொணர்ந்து, பாக்கு முதலியவற்றைக் கீழே கொண்டுசெல்வது அவர்தம் தொழில். அரண்மனை வைத்தியர்களாக விளங்கிய முஸ்லிம் குடும்பங்களும் இருந்தன. சிலர் விகாரை, தேவாலய நிலங்களை அனுபவித்து அவற்றுக்குரிய ஊழியத்தையும் செய்தனர் என்பதைப் பேராசிரியை லோர்ணா தேவராஜா 1994இல் வெளியிட்ட தம் ஆய்வில் எடுத்துக்காட்டியுள்ளார். தவளக்காரன் மாதக்கணக்கில் வழியில் இருப்பவன். அவன் ஊருக்குத் திரும்பும் காலமே வீட்டுக்குப் பெருநாளாக இருந்திருத்தல் வேண்டும் என எண்ணுதல் தவறாகாது.

இக்காலச் சமய வழக்கம் பற்றிக் கிடைக்கும் சான்றுகளுள் குறிப்பிடத்தக்கது, 1660இல் சிறைப்பட்டு 1679இல் தப்பிச்சென்ற ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலாகும். கண்டியில் சோனகர் பள்ளி ஒன்று இருந்ததையும், நிலம் உடையோர் ஒவ்வொருவரும் அதற்கு ஒரு பணம் கொடுக்கவேண்டும் என்று முன்னைய மன்னர் ஒருவர் உரிமை வழங்கியிருந்ததையும் அவர் கூறுகின்றார். பள்ளியைச் சார்ந்தோர் வீடுதோறும் சென்று அதனைப் பெறுவர். வீடு பூட்டியிருப்பின் திறந்து அப்பெறுமதிக்குரிய பொருளை எடுத்துக்கொள்ளவும் அவர்களுக்கு அதிகாரம் இருந்தது. மக்களின் தருமத்தை நிறைவேற்றவே வந்தோம் என்று அவர்கள் கூச்சமின்றிக் கேட்பர். மக்களும் மனமுவந்து ஈவர். தொலொஸ்பாகை மக்கள் மட்டும் முதன்முறை கேட்க வந்தோரை அடித்துத் துரத்திவிட்டமையால் அப்பகுதிக்கு இவ்வரி இல்லாதுபோயிற்று என்றும் நொக்ஸ் எழுதுகின்றார்.

இச்சிறு குறிப்பில் பொருள் மிகவுண்டு. பௌத்த மன்னன் ஆண்ட நாட்டில், பௌத்தக் குடிகளின் காசால் ஒரு பள்ளிவாசல் பேணப்பட்டது. அது மன்னனின் ஆணையால் நிகழ்ந்தது. அதே வேளையில் ஓர் ஊரார் அதனை மறுத்தனர், அம்மறுப்பும் நிலைபெற்றது. இணக்கம் மட்டுமே நிலவிய பொற்காலம் என்றோ, பகைமை மட்டுமே நிறைந்த காலம் என்றோ பழைய கண்டியைச் சித்திரிப்போர் இருசாராரும் தொலொஸ்பாகையையும் சேர்த்து எண்ணுதல் நன்று. உரிமையும் மறுப்பும் அருகருகே நின்ற ஒரு சமுதாயத்திலேயே மலைநாட்டு முஸ்லிம்கள் தம் சமய வாழ்வை அமைத்துக்கொண்டனர்.

நோன்பும் இரு பெருநாட்களும்

றமழான் பிறை பார்த்தலோடு தொடங்கும். ஷஃபான் இருபத்தொன்பதாம் நாள் மஃரிப் வேளையில் மேற்கு வானைப் பார்த்து நிற்றல் எங்கும் உள்ள வழக்கமே; ஆயின் மலைநாட்டில் அதற்கோர் இடர் உண்டு. உயர்ந்த குன்றுகள் அடிவானத்தை மறைக்கும். மறைக்காத இடத்தில் முகிலும் மூடுபனியும் மறைக்கும். ஆகவே இங்குள்ளோர் பிறையைக் கண்டதைவிடப் பிறை கண்ட செய்தியைக் கேட்டதே அதிகம். தந்தியும் வானொலியும் வருமுன் செய்தி வந்து சேராத ஊரார் மாதத்தை முப்பதாகப் பூர்த்தி செய்தனர். ஆகவே அடுத்தடுத்த ஊர்களில் வெவ்வேறு நாட்களில் பெருநாள் வருதலும் கூடும். பிற்காலத்தில் கொழும்பு பெரிய பள்ளிவாசலில் கூடும் பிறைக்குழுவின் தீர்மானம் வானொலியில் அறிவிக்கப்பட்டமையால் நாடு முழுவதும் ஒருநாட்பட்டது. வானொலிப் பெட்டி இருந்த கடையின் முன்னே பிறைச்செய்திக்காக ஊர் கூடிநின்ற காட்சியை முதியோர் இன்றும் நினைவுகூர்வர்.

நோன்பு மாதத்தில் பள்ளிவாசலின் பெருங்கிடாரத்தில் அரிசி, தேங்காய்ப்பால், உள்ளி, வெந்தயம், இறைச்சி முதலியன சேர்த்துக் கஞ்சி காய்ச்சுவர். அஸர் தொழுகையின் பின் சிறுவர் பாத்திரங்களோடு வரிசையாக நிற்பர். அவ்வரிசையில் அயலிலுள்ள சிங்கள, தமிழ்ச் சிறாரும் நிற்பதுண்டு. ஊரிலுள்ள வசதிபடைத்தோர் ஆளுக்கொரு நாட்கஞ்சியைப் பொறுப்பேற்பர். தம் பெயரில் ஒரு நாள் கஞ்சி காய்ச்சப்படாவிடின் அவ்வாண்டு நோன்பு நிறைவுறாதது போல எண்ணிய குடும்பங்கள் பல. இரவில் தறாவீஹ் தொழுகையும், இருபத்தேழாம் இரவில் லைலத்துல் கத்ர் விழிப்பும் நிகழும். வைகறைக்கு முன் சஹர் உணவுக்காக ஊரை எழுப்புவோர் பாவாமார். கையில் றபானை ஏந்தி, பைத்துப் பாடிக்கொண்டு ஒழுங்கைகள்தோறும் செல்லும் இவர்களுக்குப் பெருநாளன்று வீடுதோறும் அரிசியும் காசும் வழங்கப்படும். நொக்ஸ் கண்ட இரவலரின் நேர்வழியினர் இவர்கள் என நிறுவுதற்குச் சான்றில்லை. எனினும், வீடுதோறும் சென்று தருமம் பெறுதல் ஓர் உரிமையாகவே கருதப்பட்ட அப்பழைய மரபின் சாயலை இவ்வழக்கிற் காணலாம். எழுப்பு மணிக்கடிகாரமும் கைத்தொலைபேசியும் வந்த பின்னர் இப்பாவாமாரின் தொழில் அருகிவிட்டது.

பெருநாட் காலையில் தொழுகைக்கு முன்னர் பித்ரா என்னும் அரிசித்தானம் கொடுக்கப்படல் வேண்டும். வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்காகவும், கைக்குழந்தைக்காகவுங்கூட, ஏறத்தாழ இரண்டரைக் கிலோ அரிசி ஏழைகளுக்குரியது. எவரும் அந்நாளில் பட்டினி கிடத்தலாகாது என்பதே இதன் கருத்து. எண்ணெய் தேய்த்து முழுகி, புத்தாடை அணிந்து, அத்தர் பூசி, தக்பீர் முழங்கப் பள்ளிவாசல் செல்வர். எகிப்தியத் தளபதி ஒறாபி பாஷா 1883இல் இந்நாட்டுக்கு நாடுகடத்தப்பட்டு, 1892 முதல் 1901 வரை கண்டியில் வாழ்ந்தார். பெருநாளிலும் திருமணத்திலும் துருக்கித் தொப்பி அணியும் வழக்கம் கண்டி முஸ்லிம்களிடையே பரவியமைக்கு அவரும் அவருடன் வந்தோருமே காரணம் என்பர். கண்டியில் வாழ்ந்த சட்டத்தரணி சித்திலெப்பை (1838–1898), 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கியவர், ஒறாபியோடு சேர்ந்து கல்வி மறுமலர்ச்சிக்கு உழைத்தமை வரலாறு.

பெருநாள் உணவுகளுள் தலையாயது வட்டிலப்பம். முட்டை, தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி, ஏலம் ஆகியவற்றால் அவித்தெடுக்கப்படும் இது மலாயரோடு இலங்கைக்கு வந்தது என்பர். மலாயர் கண்டி மன்னரின் படையிலும் ஆங்கிலேயரின் படையிலும் சேவித்தவர்கள். கித்துள் மரமேறிப் பாணி இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுவோர் மலைநாட்டுச் சிங்களக் கிராமத்தார். பெருநாளுக்கு முந்திய வாரத்தில் அவர்தம் கருப்பட்டி முஸ்லிம் கடைகளுக்கும் வீடுகளுக்கும் வந்துசேரும்; பெருநாளன்று அக்கருப்பட்டியின் ஒரு பகுதி வட்டிலப்பமாகி அவர்தம் வீடுகளுக்கே திரும்பும். சித்திரைப் புத்தாண்டில் கொக்கிசும் கொண்டைப் பலகாரமும் பாற்சோறும் எதிர்த்திசையில் வரும். வெற்றுத் தட்டைத் திருப்பி அனுப்பலாகாது என்பது இரு வீட்டாரும் அறிந்த விதி. சட்டநூல் எதிலும் எழுதப்படாத இவ்விதியே பல தலைமுறைகளாகக் கிராமத்தின் அமைதியைக் காத்துவந்தது என்று கூறின் அது மிகையாகாது.

ஹஜ்ஜுப் பெருநாளில் இவ்வாறான பண்டமாற்று எளிதன்று. உழ்ஹிய்யா இறைச்சியை ஏழைகளுக்கும் உறவினருக்கும் பங்கிடுதல் சமயக் கட்டளை. மாட்டிறைச்சி உண்ணாத அயலாருக்கு அதனைக் கொடுத்தல் இயலாது; அவர்களுக்குப் பலகாரமே செல்லும். தவளத்துக்கும் உழவுக்கும் துணைநின்ற மாட்டின்மீது மலைநாட்டார் கொண்ட பரிவு முஸ்லிம் தவளக்காரனுக்கும் அந்நியமானதன்று. இருந்தும் இப்பெருநாள் நோன்புப் பெருநாளைப் போல அயலோடு கூடிக் கொண்டாடும் நாளாக அமையாது, பெரிதும் குடும்பத்துக்கும் பள்ளிவாசலுக்கும் உரியதாகவே அமைந்தது.

மௌலிதும் கந்தூரியும்

நபிகளாரின் பிறந்த மாதமாகிய றபீஉல் அவ்வலில் மௌலிது ஓதுதல் பிற்காலத்தெழுந்த வழக்கம். பாத்திமிய கலீபாக்கள் எகிப்தில் இதனைக் கொண்டாடினர். இர்பில் நகரை ஆண்ட முழப்பருத்தீன் (இறப்பு 1233) இதனைப் பெருவிழாவாக்கினார். தென்னிந்தியக் கரைகளினூடாக இலங்கை வந்த இவ்வழக்கம், சுப்ஹான மௌலிது, புர்தா முதலிய அரபுப் பாடல்களோடு தமிழ்ப் பாமாலைகளையும் உடன்கொண்டது. பன்னிரண்டு இரவுகள் பள்ளிவாசலில் ஓதி, பன்னிரண்டாம் இரவில் நார்சா வழங்குவர். இலங்கையில் மீலாதுன் நபி பொது விடுமுறை நாளாகும்.

இறைநேசர்களின் நினைவாக எடுக்கப்படுவது கந்தூரி. முஹியித்தீன் அப்துல் காதிர் ஜீலானிக்கும் (இறப்பு 1166) நாகூர் ஷாஹுல் ஹமீதுக்கும் கொடியேற்றிக் கந்தூரி கொடுக்கும் வழக்கம் நாடெங்கும் இருந்தது. பலாங்கொடையை அடுத்த ஜெய்லானியும் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலும் இதற்குப் பெயர்பெற்றவை. கண்டி நகரிலே மீரா மக்காம் பள்ளிவாசலும் கம்பளையிலே கஹட்டப்பிட்டியவும் இம்மரபைச் சார்ந்தவை. சபர் மாத இறுதிப் புதனாகிய 'ஒடுக்கத்துப் புதனில்' மாவிலையில் எழுதிய வசனத்தை நீரில் கரைத்துப் பருகி நீராடும் வழக்கமும் ஒருகாலத்தில் எங்குமிருந்தது. கந்தூரிச் சோறுண்ண வருவோரில் சாதியும் சமயமும் பார்க்கப்பட்டதில்லை. நேர்த்திக்கடன் வைத்துக் கொடிக்குக் காசு முடிந்த சிங்களப் பெண்களும் இந்துப் பெண்களும் பலர்.

இம்மரபு தமிழுக்கும் வளம் சேர்த்தது. கண்டியை அடுத்த தெல்தோட்டை, போப்பிட்டியைச் சேர்ந்த அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவர் (1866–1918) இஸ்லாமியப் பொருளைத் தமிழ்ப் பிரபந்த வடிவங்களிற் பாடினார். அவருடைய கண்டிக் கலம்பகம் குறிப்பிடத்தக்கது. சிங்கள மொழி சூழ்ந்த மலைநாட்டில் தமிழைப் பேசியும் ஓதியும் பாடியும் காத்ததில் மௌலிது மன்றங்களுக்கும் பள்ளிவாசற் பிரசங்க மேடைகளுக்கும் பெரும்பங்குண்டு.

1940களின் பிற்பகுதியில் குருநாகல் மாவட்டத்துப் பறகஹதெனியாவில் எழுந்த சீர்திருத்த இயக்கமும், அதன்பின் வந்த ஏனைய இயக்கங்களும் கந்தூரியையும் மௌலிதையும் மார்க்கத்தில் இல்லாத நூதனங்கள் எனக் கண்டித்தன. பெருநாள் தொழுகையைத் திறந்த திடலில் நடத்துவதையும் பெண்கள் அதிற் பங்குகொள்வதையும் அவை பரப்பின. சமய நோக்கில் இவ்விவாதத்தைத் தீர்ப்பது வரலாற்று மாணவனின் வேலையன்று. ஆனால் அதன் சமூக விளைவு ஒன்றை அவன் குறிக்காமல் விடலாகாது. கந்தூரி குன்றியபொழுது, பள்ளிவாசல் முற்றத்துக்குப் பிற சமயத்தார் இயல்பாக வந்துபோக இருந்த வாயிலொன்றும் குறுகிற்று.

தெருவும் ஓசையும்

இதுகாறும் கூறியவை வீட்டிலும் பள்ளிவாசலிலும் நிகழ்பவை. ஒரு சமூகத்தின் விழா தெருவுக்கு வரும்பொழுதே அயலோடு உரசுகின்றது. அவ்வுரசல் பெரும்பாலும் ஓசையாற் பிறக்கின்றது. கம்பளை வழக்கு இதற்குச் சான்று.

கம்பளை வலஹாகொட தேவாலயத்தின் பெரஹரா, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் கரையோரச் சோனகர் எனப்பட்ட தென்னிந்திய முஸ்லிம் வணிகர் அம்பகமுவை வீதியில் நிறுவிய பள்ளிவாசலைக் கடந்து செல்லவேண்டியிருந்தது. தொழுகையிடத்தின் முன் மேளம் நிறுத்தப்படவேண்டும் எனப் பள்ளிவாசலார் கோரினர். அதிகாரிகள் அதற்கேற்ப நிபந்தனை விதித்தனர். 1815ஆம் ஆண்டின் கண்டி ஒப்பந்தம் பௌத்த சமயச் சடங்குகளைக் காப்பதாக உறுதியளித்தது எனக் காட்டித் தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே வழக்குத் தொடர்ந்தார். 1914இல் கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்த்தார். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. அதே ஆண்டு மே 28ஆம் நாள், வெசாக் இரவில், கண்டிக் காசில் ஹில் வீதியிலுள்ள பள்ளிவாசலின் முன்னே பக்திப் பாடல் வண்டிகள் சென்றபொழுது மூண்ட கலகம் நாட்டின் பல மாகாணங்களுக்கும் பரவியது. உத்தியோகபூர்வக் கணக்கின்படி 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன, 86 சேதமுற்றன, நாலாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. வணிகப் போட்டியும் விலைவாசி உயர்வும் இக்கலகத்தின் ஆழ்ந்த காரணங்கள் என ஆய்வாளர் காட்டியுள்ளனர். எனினும், அக்காரணங்கள் யாவும் ஒரு மேள ஓசையைச் சுற்றியே திரண்டன.

ஜூன் 2ஆம் நாள் பிரகடனம் செய்யப்பட்ட இராணுவச் சட்டம் ஆகஸ்ட் இறுதிவரை நீடித்தது. ஹிஜ்ரி ஆண்டைக் கணக்கிட்டு நோக்குமிடத்து அவ்வாண்டின் றமழான் ஜூலை நடுப்பகுதியில் தொடங்கி, ஆகஸ்ட் 12 அளவில் நோன்புப் பெருநாள் வந்திருத்தல் வேண்டும். அஃதாவது அவ்வாண்டு நோன்பு முழுவதும், பெருநாளும், இராணுவச் சட்டத்தின் கீழேயே கழிந்தன. எரிந்த பள்ளிவாசலின் ஊரார் எங்கே தறாவீஹ் தொழுதனர், எவர் வீட்டுக்கு அவ்வாண்டு வட்டிலப்பம் சென்றது என்பனவற்றை நீதிமன்ற ஏடுகளும் அரசாங்க அறிக்கைகளும் கூறமாட்டா. கலகங்களின் வரலாறு எழுதப்பட்ட அளவுக்கு, கலகத்தின் பின் வந்த பெருநாளின் வரலாறு எழுதப்படவில்லை.

ஓசை பற்றிய வழக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் வேறு வடிவில் மீண்டது. வெலிகமைப் பள்ளிவாசலொன்று தொடர்பான வழக்கில் 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் ஒலிபெருக்கிப் பாவனையை வரையறுத்து, இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை அதனைக் கட்டுப்படுத்தியது. எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான இவ்விதியினுள் சஹர் அறிவிப்பும் அடங்கும். 1915இல் பள்ளிவாசல் அயலாரிடம் மௌனத்தைக் கோரியது. 2007இல் பள்ளிவாசலிடமே மௌனம் கோரப்பட்டது. இரு கோரிக்கைகளையும் ஒருங்கே வைத்து நோக்குவோருக்கு, அமைதியை விரும்புதல் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று என்பது தெளிவாகும்.

2018ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் குண்டசாலைப் பகுதியையே நேரடியாகத் தாக்கின. பெப்ரவரி 22ஆம் நாள் தெல்தெனியவில் வீதித் தகராறு ஒன்றில் முஸ்லிம் இளைஞர் சிலரால் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி மார்ச் 3ஆம் நாள் உயிரிழந்தார். அதனைத் தொடர்ந்து மார்ச் 5ஆம் நாள் குண்டசாலைப் பிரதேச செயலாளர் பிரிவைச் சேர்ந்த திகனவில் பள்ளிவாசலும் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. எரியூட்டப்பட்ட வீட்டினுள் முஸ்லிம் இளைஞர் ஒருவர் மாண்டார். அடுத்த நாட்களில் வன்செயல் கட்டுகஸ்தோட்டை, அக்குறணை முதலிய பகுதிகளுக்கும் பரவிற்று. மார்ச் 6ஆம் நாள் அவசரகாலச் சட்டம் பிரகடனமாயிற்று. சமூக ஊடகங்கள் தற்காலிகமாகத் தடைசெய்யப்பட்டன. பகைமைப் பிரசாரம் பரவுதற்குத் தன் தளம் பயன்பட்டமைக்காக முகநூல் நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது. 1915இல் வதந்தி புகைவண்டிப் பாதை வழியே சென்றதென்றால், 2018இல் அது கைத்தொலைபேசியினூடாகச் சென்றது.

இக்கொடுமையிடையே முஸ்லிம் குடும்பங்களைத் தம் வீடுகளில் மறைத்துக் காத்த சிங்கள அயலவரும், பள்ளிவாசலைக் காக்க முன்வந்த பிக்குமாரும் இருந்தனர் என்பதும் பதிவாகியுள்ளது. ஏறத்தாழப் பத்து வாரங்களில் றமழான் வந்தது. மறு ஆண்டு, 2019 ஏப்ரல் 21ஆம் நாள் ஈஸ்டர் ஞாயிறன்று தீவிரவாதக் குழுவொன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நடத்திய படுகொலைகளின் பின், மே மாதத் தொடக்கத்தில் வந்த நோன்பு அச்சத்தின் நிழலிலேயே தொடங்கிற்று. மே 13ஆம் நாள் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் பள்ளிவாசல்களும் கடைகளும் தாக்கப்பட்டன. நாடளாவிய ஊரடங்கு அன்றிரவு தறாவீஹ் வேளையில் அமுலில் இருந்தது. பலர் வீட்டிலேயே தொழுதனர். குற்றமிழைத்தோர் சிலர், பெருநாளை இழந்தோர் ஒரு சமூகத்தார்.

முடிவுரை

கண்டிப் பிரதேச முஸ்லிம்களின் பெருநாட்களை நூற்றாண்டுகளினூடாக நோக்கும்போது சில உண்மைகள் புலனாகின்றன. அவர்தம் கடமைகள் எங்குமுள்ள முஸ்லிம்களின் கடமைகளே. ஆயின் பிறையை அறிந்த வகை, கஞ்சியைப் பகிர்ந்த வகை, பலியை ஆரவாரமின்றிக் கொடுத்த வகை, கந்தூரியில் அயலாரை இருத்திய வகை ஆகியவை இம்மலைநாட்டுச் சூழலிற் பிறந்தவை. மன்னனின் ஆணை ஒருகாலத்தில் இவ்வுறவுக்குக் காவலாயிருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் அக்காவல் நீதிமன்றத்துக்கும் பொலிசுக்கும் மாறியது. ஆணையும் தீர்ப்பும் கலகத்தை ஓரளவு தடுக்கலாம்; வெற்றுத் தட்டைத் திருப்பி அனுப்பலாகாது என்ற விதியை அவை இயற்றமாட்டா.

அவ்விதி மறைந்துவிடவில்லை. குண்டசாலையிலும் திகனவிலும் பள்ளிவாசல்கள் மீண்டும் எழுந்துள்ளன. கஞ்சிக் கிடாரங்கள் மீண்டும் ஏற்றப்படுகின்றன. எனினும், ஒரு தலைமுறை தன் அயலாரின் பெருநாளை முகநூலில் மட்டும் அறியும் நிலை வளர்ந்துவருகின்றது. பேராதனையில் மூவினத்தாரும் ஒருங்கே பயிலும் நம் மாணவருக்கு இங்கு ஒரு பணி உண்டு. இப்பிரதேச முதியோரிடம் எஞ்சியுள்ள பெருநாள் நினைவுகளை, கலகத்தின் பின் வந்த பெருநாட்களின் நினைவுகளையும் சேர்த்து, அவர்கள் உள்ளபோதே கேட்டு எழுதிவைத்தல் அப்பணியாகும். எரிந்த கடைகளின் கணக்கு அரசாங்க ஏடுகளில் உள்ளது. திரும்பிவந்த தட்டுக்களின் கணக்கை எழுத வேறெவரும் இல்லை.